கிரேக்கத்தில் படிக்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏதென்ஸில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு ஊர் திரும்பியதிலிருந்து வாரத்துக்கு ஒருவராவது இதைப் பற்றி என்னிடம் கேட்டுவிடுகிறார். பெரும்பாலும் வரலாறு, தொல்லியல், இலக்கியம் படிக்கும் பிள்ளைகள். சில நேரம் அவர்களின் அப்பா அம்மா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கிரேக்கத்தில் ஆங்கிலத்தில் படிக்க முடியுமா? எங்கே?

முடியும். ஏதென்ஸ் பல்கலைக்கழகம் (1837-ல் தொடங்கியது, முழுப் பெயரில் கபோதிஸ்த்ரியாஸ் என்ற முதல் ஆட்சித் தலைவரின் பெயரும் உண்டு) பழங்கிரேக்கத் தொல்லியல், வரலாறு, இலக்கியம் மூன்றையும் சேர்த்து நான்கு ஆண்டு இளங்கலைப் படிப்பை ஆங்கிலத்திலேயே நடத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்காகத்தான் அது தொடங்கப்பட்டது. கட்டணம் ஆண்டுக்கு 6,000 யூரோ என்று வைத்திருந்தார்கள். விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் தொகையை அவர்களிடமே உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான்கு ஆண்டு வேண்டாம், ஒரு பருவமோ ஓர் ஆண்டோ போதும் என்றால், 1962 முதல் நடக்கும் 'காலேஜ் இயர் இன் ஏதென்ஸ்' போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே பெரும்பாலும் அமெரிக்க மாணவர்கள். மதிப்பெண்ணை உங்கள் கல்லூரி ஏற்குமா என்று முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மொழி மட்டும் படிக்க ஏதென்ஸ் பல்கலைக்கழகத்திலும், தெசலோனிக்கியின் அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகத்திலும் வெளிநாட்டவருக்கான புதுக்கிரேக்க மொழிப் பள்ளிகள் உண்டு. கோடைகாலக் குறும்படிப்புகளும் நடக்கும்.

கிரேக்க மொழியிலேயே நடக்கும் படிப்பில் சேரவேண்டுமானால் மொழித்தேர்ச்சிச் சான்று கேட்பார்கள். தெசலோனிக்கியில் உள்ள கிரேக்க மொழி மையம் அதற்கான தேர்வை நடத்துகிறது. ஆரம்ப நிலையிலிருந்து ஆறாம் நிலை வரை உண்டு.

எனக்குப் பழங்கிரேக்கத்தில்தான் ஆர்வம். இன்றைய கிரேக்க மொழியைக் கற்கத்தான் வேண்டுமா?

நான் கிளம்பும்போது சென்னையில் ஒரு வழிகாட்டி நிறுவனம், "கிளாஸ் ஆங்கிலத்தில், கிரேக்கம் தேவையே இல்லை" என்று அடித்துச் சொன்னது. அதை நம்பிப் போய் முதல் நான்கு மாதத்தை வீணாக்கினேன். அதனால் இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பழங்கிரேக்கம் செத்துப்போன மொழி, இன்று பேசுவது வேறொரு மொழி என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். தமிழ் வாசகருக்கு இதில் உள்ள பிழை எளிதாகப் புரியும். சங்கப் பாட்டு நமக்கு உரை இல்லாமல் முழுதாக விளங்காது. ஆனாலும் அது வேற்றுமொழி இல்லை. 'நீர்', 'மலை', 'யாழ்' என்று ஏதோ ஒரு சொல் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகும். கிரேக்கர்களுக்கும் பழங்காப்பியக் கவி ஹோமர் அப்படித்தான்.

தெருவில் இறங்கினால் இதைக் கண்ணால் பார்க்கலாம். ரொட்டிக்கு இன்று எல்லோரும் சொல்லும் சொல் 'ப்ஸொமி'. ஆனால் அந்த ரொட்டியை விற்கும் கடையின் பலகையில் 'ஆர்த்தொபியீயோ' என்று இருக்கும். அதில் உள்ள 'ஆர்த்தோஸ்' ரொட்டிக்கான பழஞ்சொல். கடைக்குள் கால் வைத்ததும் இரண்டாயிரம் ஆண்டைத் தாண்டிவிடுகிறீர்கள். வீட்டுக்குப் பேச்சில் 'ஸ்பீத்தி'. ஆனால் அமெரிக்க வெள்ளை மாளிகையைச் செய்தியில் சொல்லும்போது பழைய 'ஈக்கோஸ்' வந்துவிடும். மெட்ரோவில் வெளியே போகும் வழிக்கு 'எக்ஸொதோஸ்' என்று எழுதியிருக்கும். பழைய நாடகங்களில் கடைசிப் பகுதியின் பெயரும் அதுதான்: பாடற்குழு அரங்கை விட்டு வெளியேறும் பகுதி. வகுப்பில் கலைச்சொல்லாக மனப்பாடம் செய்ததை, மாலையில் ரயில் நிலையத்தில் அம்புக்குறியோடு பார்த்த அன்று எனக்கு அந்த நாடகமே வேறு மாதிரி புரிந்தது. ஆட்கள் நடந்து வெளியேறுகிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுத்துக்கு ஒரு மொழி, பேச்சுக்கு ஒரு மொழி என்ற நம்முடைய நிலை அங்கேயும் இருந்தது, நம்மைவிடக் கடுமையாக. பழமையைத் தழுவி உருவாக்கிய 'கதரேவுசா' ஒரு பக்கம், மக்கள் பேச்சான 'திமொதிகி' மறுபக்கம். நற்செய்தி நூல்களைப் பேச்சு மொழியில் பெயர்த்ததற்காக 1901-ல் ஏதென்ஸில் கலவரம் வெடித்து உயிர்கள் போயின. 1976-ல்தான் சட்டப்படி பேச்சுமொழி வழக்கு கல்விக்கும் ஆட்சிக்கும் வந்தது. 1982-ல் எழுத்தின் மேலிருந்த பழைய பலவகைக் குறிகளை நீக்கி ஒரே அழுத்தக்குறி போதும் என்றார்கள். இந்தச் சண்டையைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே ஒரு பழைய செய்தித்தாளைக்கூட ஒழுங்காகப் படிக்க முடியாது. தமிழ் பேசி எழுதி வளர்ந்தவருக்கு இது இயல்பாகவே பிடிபடும். என்னோடு படித்த மற்ற நாட்டவர்களுக்குப் பாடமாக நடத்தவேண்டியிருந்தது.

மொழி ரொம்பக் கடினமா?

எழுத்துகள் 24 தான். ஒரு வாரத்தில் பழகிவிடும். எழுத்துப்பிழைதான் நீண்ட நாள் தொல்லை: 'இ' என்ற ஒரே ஒலிக்கு ஐந்து வகையில் எழுதலாம். பழங்காலத்தில் தனித்தனி ஒலியாக இருந்தவை காலப்போக்கில் ஒன்றாகிவிட்டன. நாம் ர, ற இரண்டையும் பேச்சில் ஒன்றுபோல ஒலித்துவிட்டு எழுத்தில் பிரித்து எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒலியில் நமக்கு ஒரு வசதி உண்டு. 'காமா' என்ற எழுத்தின் ஒலி பலருக்கு வாயில் வராது. 'பகல்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் மெல்லிய க அதற்கு மிகவும் பக்கம். 'அது' என்பதில் வரும் த, 'தெல்தா' எழுத்தின் ஒலி. இரண்டும் நம் நாக்கில் ஏற்கெனவே இருக்கின்றன.

அழுத்தத்தில்தான் கவனம் வேண்டும். 'பொதே' என்ற சொல்லில் முதல் அசையை அழுத்தினால் 'எப்போது'. கடைசி அசையை அழுத்தினால் 'ஒருபோதும் இல்லை'. தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நாம் அதைக் காதில் வாங்குவதே இல்லை. ஒவ்வொரு சொல்லையும் அழுத்தத்தோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

அப்புறம், 'நே' என்றால் ஆமாம். 'ஓஹி' என்றால் இல்லை. தலையை லேசாக மேலே தூக்கி, நாக்கை 'ச்சு' என்று தட்டினாலும் இல்லை என்றுதான் அர்த்தம். அந்தச் 'ச்சு' நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரியாதைப் பன்மையும் அப்படியே: நெருங்கியவருக்கு 'எஸீ', பெரியவருக்கு 'எஸீஸ்'. நீ, நீங்கள்.

வகுப்பில் ஒரு குழப்பம் வரும். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பழங்கிரேக்கத்தை, அறிஞர்கள் மீட்டுருவாக்கிய பழைய உச்சரிப்பில் படிப்பார்கள். கிரேக்கர்கள் அதே வரிகளை இன்றைய உச்சரிப்பிலேயே படிப்பார்கள். ஒரே எழுத்து ஒருவருக்கு 'பீட்டா', மற்றவருக்கு 'வீத்தா'. எது சரி என்று வாதாட வேண்டாம். இரண்டையும் காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

ஏதென்ஸா, தெசலோனிக்கியா?

பார்த்தினன் கோவில், அகோரா என்ற பழைய சந்தைத் திடல், தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம், வெளிநாட்டு ஆய்வுப் பள்ளிகளின் நூலகங்கள் என்று பழங்காலம்தான் உங்கள் நோக்கம் என்றால் ஏதென்ஸ். பைசாந்தியக் காலமும் (கிழக்கு ரோமப் பேரரசு) ஓட்டமான் காலமும் (துருக்கியர் ஆட்சி) வேண்டும், கொஞ்சம் சிறிய ஊராக, மாணவர் கூட்டமாக இருக்க வேண்டும் என்றால் தெசலோனிக்கி. அங்குள்ள பைசாந்தியத் தேவாலயங்கள் 1988 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. 2024 நவம்பர் 30 அன்று அந்த ஊரில் மெட்ரோ திறந்தார்கள். பல ஆண்டு தாமதத்துக்கு ஒரு பெரிய காரணம், தோண்டிய இடத்திலெல்லாம் பழைய நகரம் வெளிப்பட்டதுதான். வெனிஸேலு நிலையத்தில் பைசாந்தியக் காலக் கடைவீதியின் கல்பாவிய சந்திப்பையே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே ரயில் ஓடுகிறது, ஒன்றில் இருந்துகொண்டு மற்றதையும் பாருங்கள்.

அகழாய்வில் கலந்துகொள்ள முடியுமா?

முடியும், ஆனால் நினைத்த இடத்தில் மண்வெட்டி எடுக்க முடியாது. அகழாய்வு அனுமதி எல்லாம் கலாசார அமைச்சகத்தின் கையில். வெளிநாட்டு ஆய்வுக் குழுக்கள் ஏதென்ஸில் உள்ள தங்கள் நாட்டு ஆய்வுப் பள்ளி வழியாகத்தான் அனுமதி கேட்கவேண்டும். பிரெஞ்சுப் பள்ளி 1846-லும், ஜெர்மன் நிறுவனம் 1874-லும், அமெரிக்கப் பள்ளி 1881-லும், பிரிட்டிஷ் பள்ளி 1886-லும் ஏதென்ஸில் தொடங்கின. அகோராவில் 1931 முதல் அமெரிக்கப் பள்ளி தோண்டுகிறது. கோடையில் மாணவர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். பல்கலைக்கழகங்கள் தாங்களே நடத்தும் அகழாய்வுகளும் உண்டு. உங்கள் பேராசிரியரிடம் முதல் பருவத்திலேயே வாய்விட்டுக் கேளுங்கள்.

பெரும்பாலும் பானை ஓடு கழுவுவீர்கள். பழைய பல்துலக்கியும் ஒரு வாளித் தண்ணீரும் கொடுத்து உட்காரவைப்பார்கள். சலிப்பாகத் தெரியலாம், ஆனால் கைதான் அங்கே கற்றுக்கொள்கிறது. நூறு ஓட்டைக் கழுவிய பிறகு, சக்கரத்தில் வனைந்ததன் வரி எது, உடைந்ததன் கீறல் எது என்று விரலே சொல்லிவிடும்.

அருங்காட்சியகங்களை எப்படிப் பார்ப்பது? ஒரு நாளில் முடியுமா?

அங்கேயே தங்கிப் படிப்பதன் பெரிய பேறே ஒரு நாளில் முடிக்க வேண்டியதில்லை என்பதுதான். ஒரு முறை போனால் ஓர் அறை போதும்.

அகோராவில், அத்தலோஸ் மன்னன் கட்டிக்கொடுத்த நீண்ட தூண் மண்டபத்தை 1950-களில் மீட்டுக் கட்டி அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அங்கே உடைந்த ஓடுகள் வைத்த பெட்டி முன்னால் நான் ஒரு முழு முற்பகல் நின்றிருக்கிறேன். ஏதென்ஸ் மக்கள் ஒருவரை நாடுகடத்த வாக்களிக்கும்போது உடைந்த பானைச் சில்லில் அவர் பெயரைக் கீறிப் போடுவார்கள். பாரசீகரைக் கடற்போரில் வென்ற தெமிஸ்தொக்லீஸின் பெயர் கீறிய சுமார் 190 சில்லுகள் பார்த்தினன் நிற்கும் அக்ரோபொலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றில் ஒன்றாகக் கிடைத்தன. கையெழுத்தை ஆராய்ந்தால் அத்தனையும் பதினான்கு பேர் எழுதியவை. ஆள் வைத்து முன்கூட்டியே எழுதி, வந்தவர்களிடம் கொடுக்கத் தயாராக வைத்திருந்தார்கள் என்பதுதான் பொதுவான விளக்கம். மக்களாட்சி பற்றி எத்தனை கட்டுரை படித்தாலும் இந்தச் சில்லுகள் தரும் நெருக்கம் வராது. கீழடியில் பெயர் கீறிய பானை ஓடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த உணர்வு தெரிந்திருக்கும்.

2009-ல் திறந்த அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் நேராக மேல்தளத்துக்குப் போங்கள். பார்த்தினன் எந்தத் திசையில் நிற்கிறதோ அதே திசையில் அந்தத் தளத்தைத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். கோவிலைச் சுற்றியிருந்த சிற்பவரிசை அதே முறையில் வைக்கப்பட்டிருக்கிறது. தேன்நிறக் கல் வருமிடம் அசல். சுண்ணவெள்ளை வருமிடம் அச்செடுத்த நகல். அவற்றின் அசல் பெரும்பாலும் லண்டனில். பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் 1801-லிருந்து கழற்றி எடுத்துப் போனவை. ஒரே குதிரையின் உடலில் பாதி தேன்நிறமாகவும் பாதி வெள்ளையாகவும் நிற்பதைப் பார்த்தால், அவற்றைத் திருப்பிக் கொடு என்று அவர்கள் ஏன் விடாமல் கேட்கிறார்கள் என்பது விளங்கும். எனக்கு அதில் மறுபேச்சே இல்லை. கொடுக்கத்தான் வேண்டும்.

நவம்பர் முதல் மார்ச் வரை, மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களிலும் தொல்லிடங்களிலும் எல்லோருக்கும் நுழைவு இலவசம். மார்ச் 6, ஏப்ரல் 18, மே 18, அக்டோபர் 28 ஆகிய நாட்களும் அப்படியே.

பழங்காலமும் இன்றும் சரி. நடுவில் உள்ள இரண்டாயிரம் ஆண்டைப் படிக்க வேண்டுமா?

கட்டாயம். பலரும் அரிஸ்டாட்டிலிலிருந்து நேராக இன்றைய கடற்கரைக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவே ரோம ஆட்சி, ஆயிரம் ஆண்டு பைசாந்தியம், நானூறு ஆண்டுக்கு அருகில் ஓட்டமான் ஆட்சி, 1821-ல் தொடங்கிய விடுதலைப் போர் எல்லாம் இருக்கின்றன. பார்த்தினனே தேவாலயமாகவும் பிறகு மசூதியாகவும் இருந்திருக்கிறது. வெடிமருந்துக் கிடங்காக இருந்தபோது 1687-ல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து சிதறியது.

இன்றைய கிரேக்கர்களைப் புரிந்துகொள்ள ஓர் ஆண்டு மட்டும்தான் சொல்ல முடியும் என்றால் 1922 என்பேன். துருக்கியோடு நடந்த போரில் கிரேக்கம் தோற்றது. 1923-ல் லோசான் உடன்படிக்கையின்படி மக்களையே மாற்றிக்கொண்டார்கள். சுமார் 12 லட்சம் பேர் சிறிய ஆசியாவை (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) விட்டுக் கிரேக்கத்துக்கு வந்தார்கள். நான்கு லட்சத்துக்கு அருகில் முஸ்லிம்கள் கிரேக்கத்திலிருந்து துருக்கிக்குப் போனார்கள். பிரித்தது மதத்தை வைத்து, மொழியை வைத்து அல்ல. அதனால் துருக்கி மொழி மட்டுமே தெரிந்த கிறிஸ்தவர்கள் கிரேக்கத்திலும், கிரேக்கம் மட்டுமே தெரிந்த கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கியிலும் போய் இறங்கினார்கள். ஏதென்ஸில் 'நெயா ஸ்மிர்னி', 'நெயா இயோனியா' என்று 'புதிய' என்ற அடைமொழியோடு ஊர்ப்பெயர் வந்தால், அது பெரும்பாலும் விட்டுவந்த ஊரின் அல்லது பகுதியின் பெயர் என்று கொள்ளுங்கள். புசூக்கி இசைக்கருவியோடு பாடும் 'ரெபேத்திகோ' பாட்டுகளில் இந்த அகதிகளின் குரல் கலந்திருக்கிறது. 2017-ல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபாக ஏற்றது. சிறிய மதுக்கடைகளில் மேடையில்லாமல், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் தாங்களும் சேர்ந்துகொள்வார்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் சமாளிக்க முடியுமா?

தாராளமாக. ஈஸ்டருக்கு முன் நாற்பது நாளுக்கு மேல் நோன்பு. இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. அதனாலேயே அவர்களிடம் மரக்கறிச் சமையல் பெரிதாக வளர்ந்திருக்கிறது. கடையில் 'நிஸ்தீஸிமோ' என்று கேளுங்கள், நோன்புக்கு உகந்தது என்று பொருள். ஆனால் நோன்பில் கணவாய், இறால் சேர்த்துக்கொள்வார்கள், அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் வேகவைத்த காய்கறிகளுக்கு 'லதெரா', பெரிய வெள்ளை மொச்சைக்கு 'யீகந்தெஸ்', கீரை வேகவைத்து எலுமிச்சை பிழிந்தால் 'ஹோர்த்தா'. கொண்டைக்கடலை, பருப்பு எல்லாம் அன்றாடச் சமையல். வாரம் ஒரு நாள் ஒவ்வொரு பகுதியிலும் தெருவை அடைத்து 'லயிக்கி' சந்தை கூடும். மதியம் கடை கட்டும் நேரத்தில் போனால் விலை இறங்கியிருக்கும். காரம் மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோங்கள்.

எந்தப் பண்டிகைக்கு அங்கே இருக்க வேண்டும்?

ஈஸ்டர். விடுமுறை என்று வேறு நாட்டுக்குச் சுற்றுலா போய்விடாதீர்கள். பெரிய வெள்ளி இரவு, பூவால் மூடிய இயேசுவின் பாடையைத் தெருவில் தூக்கி வருவார்கள். சனிக்கிழமை நள்ளிரவில் தேவாலய விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு சுடரை எடுத்து வந்து மெழுகுவத்திக்கு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அந்தச் சுடரை அணையாமல் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். என் வீட்டுக்கார அம்மா அகல்விளக்கைப் பொத்திக்கொண்டு போவதுபோல இரண்டு தெரு நடந்து வந்து, வாசல் நிலையின் மேல் அதன் புகையால் சிலுவைக்குறி இட்டார். பழைய ஆண்டுகளின் கரிக்குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே ஏற்கெனவே இருந்தன. பிறகு சிவப்பு முட்டையை என் கையில் கொடுத்து, தன் முட்டையால் இடித்து உடைத்தார். யாருடையது உடையாமல் நிற்கிறதோ அவருக்கு அந்த ஆண்டு நல்லது.

விசா, சான்றிதழ், வீடு?

90 நாளுக்கு மேல் தங்குவதென்றால் சாதாரணச் சுற்றுலா விசா போதாது, டி வகை தேசிய விசா வேண்டும். போனபின் அது முடிவதற்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். சேர்க்கைக் கடிதம், பணவசதிக்கான ஆதாரம், மருத்துவக் காப்பீடு எல்லாம் கேட்பார்கள். இந்தியச் சான்றிதழ்களில் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு இடும் முத்திரை) வாங்க வேண்டும்; அதற்கு நாளாகும், முதலில் அதைத் தொடங்குங்கள். படித்து வரும் பட்டத்துக்கு இங்கே சமநிலை கிடைக்குமா என்பதையும் சேர்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பகுதிநேர வேலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

சுற்றுலாப் பயணிகளுக்குக் குறுகிய கால வாடகைக்கு விடுவது பெருகியதால் ஏதென்ஸின் நடுப்பகுதியில் வாடகை ஏறிவிட்டது. அக்ரோபொலிஸ் பக்கமே வேண்டும் என்று நிற்காமல், பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிய ஸொக்ராஃபுவிலோ கிப்ஸெலியிலோ தேடுங்கள். கோடையில் பிற்பகல் 3 முதல் 5.30 வரை ஓய்வு நேரம், சத்தம் போடக் கூடாது. கழிப்பறைத் தாளைக் கூடையில்தான் போட வேண்டும், குழாய்கள் குறுகலானவை.

தமிழ்நாட்டுக்கும் கிரேக்கத்துக்கும் உள்ள பழைய தொடர்பை ஆராய முடியுமா?

நல்ல தலைப்பு, ஆனால் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறி வருகிறது. அதே முசிறியிலிருந்து 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலில் போன சரக்கைப் பற்றிய பாப்பிரஸ் தாள் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, எழுதியது கிரேக்கத்தில். நம் துறைமுகங்களைப் பெயர் சொல்லி விவரிக்கும் முதல் நூற்றாண்டுக் கடல்வழிக் கையேடும் கிரேக்கத்தில்தான். ஆனால் இந்த வணிகத்தின் மையம் ரோமர் ஆண்ட எகிப்து, ஏதென்ஸ் அல்ல. விண்ணப்பக் கட்டுரையில் இதைக் குழப்பினால் படிப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். பாட்டையும் பாப்பிரஸையும் மூலத்திலேயே படிக்கக்கூடிய ஒருவர் நம்மிடமிருந்து வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

போவதற்கு முன் இங்கிருந்தே என்ன செய்யலாம்?

24 எழுத்தையும் பெரிய வடிவம், சிறிய வடிவம் இரண்டிலும் எழுதிப் பழகுங்கள். கிரேக்க வானொலியை இணையத்தில் தினம் அரை மணி நேரம் ஓடவிடுங்கள், புரியாவிட்டாலும் பரவாயில்லை. அழுத்தம் எங்கே விழுகிறது என்று காதுக்குப் பழகும். மிளகுக்கு அங்கே 'பிபேரி' என்று பெயர், நம் திப்பிலியின் வடமொழி வடிவமான பிப்பலியிலிருந்து போன சொல். முதல் நாள் கடைக்குப் போய் அதைக் கேட்டு வாங்குங்கள்.